அடகுக் கடையும் அரசுப் பள்ளியும்



ஜூன் மாதம் பிறக்கும்போதே நம் வீடுகளில் ஒரு கவலையும் பிறந்துவிடுகிறது. திருவண்ணாமலையில் சிறு கடை வைத்துப் பிழைக்கும் தந்தை, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்காக மனைவியின் வளையலை அடகுக் கடைக்கு எடுத்துச் செல்கிறார். அல்லாஹ் தடுத்த வட்டியைக் கொண்டு பிள்ளையின் கல்வி தொடங்குகிறது. கட்டணமின்றிக் கற்பிக்கும் அரசு மேல்நிலைப் பள்ளி அதே ஊரில்தான் இருக்கிறது.

"அங்கே சேர்த்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?" என்பதே பல வீடுகளில் உண்மையான தடை. நாலு பேரின் பேச்சுக்கு அஞ்சி, வட்டிக்கு அஞ்சாமல் இருப்பது முறையா?

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்று, நீட் தேர்வில் தகுதி பெறுவோருக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020 முதல் நடைமுறையில் உள்ளது. மறு ஆண்டே பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி கற்கும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இல் வந்தது. 2007 முதல் நமக்குள்ள 3.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டை அறிந்த பலர் இவற்றை அறியவில்லை. தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புவரை கடன்பட்டுப் படிக்கவைத்து, கைப்பணம் தீர்ந்தபின் பதினோராம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றினால் அந்த உள்ஒதுக்கீடு கிடைக்காது. கடனும் மிஞ்சும், உரிமையும் போகும்.

"கோயில் நகரம், நம் பிள்ளை மார்க்கத்தை மறந்துவிடுமோ?" என்று தாய்மார் அஞ்சுவதுண்டு. பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் ஈட்டுத்தொகை கொடுக்க இயலாதோர், மதீனத்துச் சிறுவர்களுக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெற்றனர். அந்த ஆசிரியர்கள் முஸ்லிம்கள் அல்லர், நேற்றுவரை எதிரிகள். ஆயினும் நபி (ஸல்) அவர்கள் அக்கல்வியை விலக்கவில்லை. நம் பிள்ளைகளின் ஆசிரியர்களோ நம் ஊர்க்காரர்கள். மார்க்கத்தை வீடும் மாலைநேர மக்தபும் கற்பிக்கட்டும். அண்டை வீட்டாருடன் ஒரே பெஞ்சில் அமர்ந்து வளரும் பிள்ளை, அண்டையாரின் உரிமையையும் அங்கேயே கற்றுக்கொள்ளும்.

அரசுப் பள்ளிகளில் குறைகள் இல்லையா? உண்டு. சில இடங்களில் ஆசிரியர் பற்றாக்குறை, சில இடங்களில் கழிப்பறைச் சுத்தமின்மை. ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோருக்கே உரியது. உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். அக்கூட்டத்தில் நம் தாய்மார் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள்? நாம் விலகி நின்றுகொண்டு, பள்ளி சரியில்லை என்று குறை கூறுவது நீதியாகாது.

வசதியுள்ளோர் தாம் விரும்பும் பள்ளியில் சேர்க்கட்டும், அதில் குற்றமில்லை. வட்டிக்கு வாங்கித்தான் சேர்க்கவேண்டும் என்ற நிலையில் உள்ளோர், அடகுக் கடைக்குப் போகும் முன் ஒருமுறை அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைச் சந்தித்துப் பேசுங்கள். வளையல் வீட்டிலேயே இருக்கட்டும்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்கு ஹலாலான வாழ்வையும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.