இரண்டாம் ஆண்டுக்கு மிஞ்ச வேண்டிய பணம்

பேரிடர் நிகழ்ந்த முதல் சில வாரங்களில் அமெரிக்கத் திருச்சபைகள் ஆற்றும் பணியில் பெரிய குறை காண்பதற்கில்லை. தென் பாப்திஸ்து சபைகளின் மஞ்சள் சட்டைத் தொண்டர்கள் மோட்டார் ரம்பங்களோடும் நடமாடும் சமையற்கூடங்களோடும் வந்து இறங்குவதும், மெதடிஸ்து சபையின் நிவாரண அமைப்பான அம்கோர் துப்புரவுப் பொருள்கள் நிரப்பிய வாளிகளை அனுப்புவதும் பல பத்தாண்டுகளாகச் செம்மைப்பட்ட முறைகள். குறை இருப்பது பின்னால் வரும் காலத்தில். காப்பீடும் அரசு உதவியும் வந்து தீர்ந்து, ஒரு குடும்பத்துக்கு உண்மையில் எவ்வளவு துண்டு விழுகிறது என்பது தெளியும் பன்னிரண்டாம், பதினெட்டாம் மாதங்களில், முதல் மாதத்திலேயே கையிருப்பைச் செலவழித்துவிட்ட சபைகளிடம் கொடுப்பதற்கு ஏதும் இருப்பதில்லை.

எட்டு மாதங்களுக்குள் இரு வேறு அழிவுகளைச் சந்தித்த கென்டக்கி மாநிலம் இதை ஒப்பிட்டுப் பார்க்க இடம் தருகிறது. 2021 டிசம்பர் 10 இரவு, டொர்னாடோ எனப்படும் சுழற்காற்று மேற்கிலுள்ள மேஃபீல்டு நகரின் மையப் பகுதியைச் சிதைத்தது. 2022 ஜூலை இறுதியில், கிழக்கே அப்பலாச்சிய மலைப் பள்ளத்தாக்குகளின் ஓடைகள் பெருகி, பிரெத்திட், நாட், பெர்ரி, லெட்சர் கவுண்டிகளில் வீடுகளை அடித்துச் சென்றன. காற்றால் விளையும் சேதத்தைச் சாதாரண வீட்டுக் காப்பீடு ஏற்கும் என்பதால், மேஃபீல்டு போன்ற ஊரில் சபை முதலில் தேட வேண்டியவர்கள் வாடகைக்குக் குடியிருந்தவர்களும் காப்பீடு போதாதவர்களுமே. வெள்ளச் சேதத்தை அந்தக் காப்பீடு ஏற்காது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் தனியே பாலிசி எடுத்திருக்க வேண்டும், கிழக்குக் கென்டக்கியில் அப்படி எடுத்திருந்தவர்கள் மிகச் சிலரே. கூட்டாட்சி அரசின் பேரிடர் முகமையான ஃபீமா அப்போது வீட்டுச் சேதத்துக்காக ஒரு குடும்பத்துக்கு அளிக்கக்கூடிய உச்சத் தொகை 37,900 டாலர். அது முழுமையாகக் கிடைத்தாலும் அடித்துச் செல்லப்பட்ட வீடு அதைக்கொண்டு எழும்பாது. இவ்வளவு வேறுபட்ட இரண்டு இடங்களுக்கும் ஒரே சரக்கை லாரியில் ஏற்றி அனுப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. (பிரிக்க ஆளின்றிக் குவியும் பழந்துணி மூட்டைகளுக்குக் களப்பணியாளர்கள் "இரண்டாவது பேரிடர்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.)

சபையின் பணம் எப்போது இறங்க வேண்டும் என்பதற்குச் சட்டமே ஒரு காரணம் தருகிறது. 1988ஆம் ஆண்டு ஸ்டாஃபர்டு சட்டத்தின் 312ஆம் பிரிவு, ஒரே இழப்புக்கு இரண்டு இடங்களில் பணம் பெறுவதைத் தடுக்கிறது. நல்லெண்ணத்தோடு ஒரு சபை அவசரமாகக் கூரைக்குக் கொடுத்த தொகை, பின்னர் அதே கூரைக்கு வந்திருக்கக்கூடிய அரசுத் தொகையைக் குறைத்துவிடக்கூடும். ஆகவே காப்பீடு, ஃபீமா, குறைந்த வட்டிக் கடன் ஆகியவை எல்லாம் முடிந்தபின் எஞ்சும் தேவையை, ஊரின் நீண்டகால மீட்புக் குழுவில் எல்லா அமைப்புகளும் ஒன்றாக அமர்ந்து பகிர்ந்துகொள்வதே முறை. அந்தக் குழுவுக்கு ஒவ்வொரு குடும்பத்தின் கோப்பையும் தயார்செய்து தருபவர் கேஸ் மேனேஜர்: மேல்முறையீடு எழுதுபவர், பாட்டன் பெயரிலேயே கிடக்கும் பத்திரத்தைத் தேடி எடுப்பவர், ஒப்பந்தக்காரரின் மதிப்பீட்டைச் சரிபார்ப்பவர். நன்கொடையாளர்கள் ஆணிக்கும் பலகைக்கும் மனமுவந்து கொடுக்கிறார்கள். இவருடைய ஊதியத்துக்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கத்துக்குச் சபைத் தலைமைகள் இணங்கிப் போவது தவறு.

உடலுழைப்பிலும் இதே வரிசை பொருந்தும். வெள்ளம் புகுந்த வீட்டில் சுவரிலுள்ள நீர்க்கோட்டைப் படம் எடுத்த பிறகே ஜிப்சம் பலகைகளை அறுத்து நீக்க வேண்டும். இல்லையேல் கோரிக்கைக்குச் சான்று குப்பையோடு போய்விடும். உள்ளிருக்கும் மரச்சட்டங்களில் ஈரமானியின் ஊசிகளைக் குத்தி, அவை போதிய அளவு உலர்ந்ததை உறுதிசெய்யாமல், தொண்டர்கள் ஊர் திரும்பும் நாளைக் கருதிப் புதுப் பலகை அடித்தால், மூடிய சுவருக்குள் பூஞ்சை வளரும். இதைவிடப் பெரிய தீங்கு, அனுமதி பெறாமல் பழுதுபார்ப்பது: வரையறுக்கப்பட்ட வெள்ள அபாயப் பகுதியில் பழுதுச் செலவு வீட்டின் சந்தை மதிப்பில் பாதியை எட்டினால், அதை உயர்த்திக் கட்டுவது உள்ளிட்ட இன்றைய விதிகளுக்கு உட்படுத்தியாக வேண்டும், அதை மீறி இலவசமாகச் செய்து கொடுத்த வேலை அந்தக் குடும்பத்தை அடுத்த வெள்ளத்தின் வழியிலேயே உட்கார்த்திவிடுகிறது.

1950இல் கான்சாஸ் மாநிலத்தில் தோன்றிய மென்னோனைட் பேரிடர் சேவை அமைப்பு இதில் மற்றவர்களுக்கு முன்னே நிற்கிறது. உள்ளூர்க் குழு குடும்பத்தைத் தேர்ந்து, அனுமதி வாங்கி, கட்டுமானப் பொருள்களுக்குப் பணம் சேர்த்துவைத்த இடத்துக்கே அதன் கட்டுமானத் தொண்டர்கள் போகிறார்கள். வாராவாரம் ஆட்கள் மாறினாலும் தளத்தின் பொறுப்பாளர் நீண்டகாலம் அங்கேயே தங்குவதால் வேலை அறுபடுவதில்லை. அனுப்பப்பட்ட லாரிகளை எண்ணி அறிக்கை எழுதும் சபைகளுக்கு இந்தப் பொறுமை எளிதில் வராது.

கிழக்குக் கென்டக்கியில் பழைய நிலக்கரிச் சுரங்கங்களுக்காகச் சமன்செய்யப்பட்ட மேடுகள் சிலவற்றில் புதிய குடியிருப்புகள் அமைக்கும் பணி, வெள்ளம் வந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் நடந்தது. இத்தகைய கால அளவுக்கு ஈடுகொடுக்க, பேரிடர் நிதியாக வரும் ஒவ்வொரு நன்கொடையிலும் மூன்றில் ஒரு பங்கையாவது முதல் ஓராண்டு தொடாமல் வைப்பது என்றும், அந்தப் பங்கிலிருந்து ஒரு கேஸ் மேனேஜருக்கு இரண்டு ஆண்டு ஊதியம் என்றும் பேராயங்கள் தீர்மானம் இயற்றலாம். வேண்டுகோள் அச்சாகும் நாளிலேயே கொடுப்பவர்களுக்கு இதை ஒளிவுமறைவின்றித் தெரிவித்தால் பின்னர் கணக்குக் கேட்கும்போது சங்கடம் இராது.