பேடாவும் பேக்கும்

தையற்காரரிடம் ரவிக்கைத் துணி கொடுத்த அனுபவம் உங்களுக்கு உண்டல்லவா? "வெள்ளிக்கிழமை ரெடியம்மா!" என்பார். எந்த வெள்ளிக்கிழமை என்று மட்டும் சொல்லமாட்டார். கோபித்துக்கொண்டால் அளவு கோணலாகிவிடும். சும்மா இருந்தாலோ துணியே மறந்துபோகும். ஆகவே, சிரித்துக்கொண்டே நச்சரிக்கும் கலையை நாமெல்லாரும் கற்று வைத்திருக்கிறோம்.

இந்தக் கலையை ஒரு நகரமே கையாண்ட கதை தெரியுமோ? பெங்களூருக்குப் புறநகர் ரயில் வேண்டும் என்ற யோசனை 1983-லேயே எழுந்தது. ஊர் நடுவே தண்டவாளம் இருக்கிறது. வெளியூர் வண்டிகளும் ஓடுகின்றன. ஆபீஸுக்கும் கல்லூரிக்கும் போகிறவர்களுக்கு அடிக்கடி ஓடும் வண்டிதான் இல்லை. தெரு நெரிசலில் பஸ்ஸுக்குள் நின்றே வீடு திரும்பும் பெண்ணுக்கு அரைமணி நேரம் மிச்சமானால், குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கமாட்டாளா?

2016 டிசம்பரில் ஊரார், "சுக்கு புக்கு பேக்கு!" என்று கிளம்பினார்கள். நம் வீட்டில் 'பேக்கு' என்றால் அசடு. கன்னடத்தில் அதற்கு 'வேண்டும்' என்று பொருள்! சின்னக் குழந்தைகூடச் சொல்லக்கூடிய கோஷம். அட்டைகளைப் பிடித்துக்கொண்டு, ரயிலேறிப் பயணம் செய்தே ரயில் கேட்டார்கள்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபர் 16-ந் தேதி, இதே ஊரில் ஆயிரக்கணக்கானோர் கைகோத்து நின்று, இரும்பு மேம்பாலம் 'பேடா' என்றார்கள். பேடா என்றால் வேண்டாம். 2017 மார்ச்சில் பாலத்தைக் கைவிட்டார்கள். பேடாவுக்கு ஐந்தே மாதம்!

பேக்குவுக்கோ? 2018 மத்திய பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. 2020-ல் மந்திரிசபை சம்மதித்தது: நான்கு பாதை, 148 கிலோமீட்டர், 15,767 கோடி ரூபாய். 2022 ஜூனில் அஸ்திவாரக் கல் நாட்டி, 40 மாதத்தில் முடியும் என்றார்கள். 2025 அக்டோபரில் கெடு கழிந்தது. ஒரு பாதையிலும் வண்டி ஓடவில்லை.

வேண்டாம் என்பதற்கு ஒரு கையெழுத்து போதும். வேண்டும் என்பதற்கோ நிலம், பணம், ஒப்பந்தக்காரர், இரண்டு சர்க்கார்கள் எல்லாம் ஒத்து வரவேண்டும். ஒருநாள் கோஷம் அறிவிப்பைத்தான் வாங்கித் தரும். அதன் பிறகு வாரம் தவறாமல் போய் விசாரிப்பதுதான் காரியம்.

"வெள்ளிக்கிழமை" என்ற வார்த்தையை நம்பி வீட்டிலேயே உட்கார்ந்திருந்தவர்களில் யாராவது தீபாவளிக்குப் புது ரவிக்கை அணிந்தது உண்டா, சொல்லுங்கள்!