அப்பாச்சி 2 வந்தபோது பிஎச்பி கதவைச் சாத்தியது சரியா?

பி.காம் படிக்கிறவன் சர்வரைப் பத்தி எழுதுறானேன்னு சிரிக்காதீங்க. இதுல செலவுக் கணக்கும் இருக்கு!

2002 ஏப்ரலில் அப்பாச்சி 2.0 வெளிவந்தது. அதற்கப்புறம் சில வருடங்களுக்கு பிஎச்பி கையேட்டிலேயே ஓர் எச்சரிக்கை இருந்தது. அப்பாச்சி 2-ஐயும் பிஎச்பியையும் சேர்த்து நிஜத் தளங்களில் ஓட்டாதீர்கள் என்று. புது சர்வரை ஒரு மொழி இப்படித் தள்ளி வைக்கலாமா? அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது, சொன்ன விதம்தான் தப்பு என்பது என் கருத்து.

பயம் என்னவென்றால், திரெட். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வைத்துச் சொல்கிறேன் (ராஜபாளையத்துக்காரன் வேறு எதை வைத்துச் சொல்வேன்?). அப்பாச்சி 1.3-இல் ஆளுக்கு ஓர் அடுப்பு, ஆளுக்கு ஒரு வாணலி. ஒருவர் கோவாவைக் கருக விட்டாலும் அடுத்தவருக்குக் கவலையில்லை. திரெட் முறையில் ஒரே வாணலியில் பல பேர் கிண்டுகிறார்கள். சர்க்கரை இன்னும் போடவில்லை என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்த்து, இரண்டு பேரும் போட்டுவிட்டால்? இடமும் விறகும் மிச்சம்தான், ஆனால் சரக்கு போச்சு.

பிஎச்பி தன் பங்குக்குக் கவனமாக இருந்தாலும் படம், டேட்டாபேஸ் என்று ஒவ்வொன்றுக்கும் வேறு யாரோ எழுதிய லைப்ரரிகளை நம்பித்தான் ஓடுகிறது. அவையெல்லாம் திரெட்டுக்குத் தாங்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? சம்பளம் வாங்காமல் எழுதுகிறவர்களிடம் அதைக் கேட்பதும் நியாயமில்லை.

ஆனால் அப்பாச்சி 2-லேயே பழைய தனி அடுப்பு முறையும் இருந்தது. அதன் பெயர் பிரீஃபோர்க். யூனிக்ஸில் அப்போது நாம் எதையும் மாற்றாவிட்டால் வந்ததே அதுதான்! எச்சரிக்கையைத் திரெட்டுக்கு மட்டும் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம். பிறகு அப்படித்தான் மாற்றினார்கள், அதற்குள் "அப்பாச்சி 2 ஆகாது" என்பது பலர் மனதில் பதிந்துவிட்டது. எங்க ஊர் பஞ்சாலை முதலாளி எவரும் புது மெஷின் வந்த அன்றே பழையதை எடைக்குப் போட மாட்டார். ஆனால் புதுசில் எந்தப் பாகம் மக்கர் பண்ணும் என்று விசாரிப்பார், மொத்தமாக வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

1.3 வரிசையின் கடைசி வெளியீடு 2010 பிப்ரவரியில் வந்தது. பழையதைக் கட்டி மேய்ப்பதற்கும் செலவு உண்டு, அது பில்லில் வராது, அவ்வளவுதான்.

உண்மையான தீர்வு அதே 2010-இல் வந்தது. பிஎச்பி 5.3.3-இல் எஃப்பிஎம் சேர்ந்தது. பிஎச்பி தன் சமையலறையில் தனியாக வேலை செய்யும், சர்வர் வாசலில் திரெட்டோ என்னவோ வைத்துக்கொள்ளட்டும். இவ்வளவுக்குப் பிறகும் பிஎச்பியை அப்பாச்சிக்குள்ளேயே வைத்து பிரீஃபோர்க்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2017-இல் வந்த 2.4.27-இலிருந்து பிரீஃபோர்க்கில் எச்டிடிபி/2 வேலை செய்யாது. இந்த முறை கதவைச் சாத்தியது அப்பாச்சி. எதற்கு ஆகாது என்று பெயர் சொல்லிச் சாத்தியதால் எனக்கு இதில் வருத்தமில்லை.