துண்டறிக்கையின் கடைசி வரி

சேரன்மகாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. மற்றவர்களுக்கு வேறு பந்தி. காங்கிரசு நிதியும் பொதுமக்கள் நன்கொடையும் வாங்கி நடந்த இடம் அது. வரதராஜுலு நாயுடு தம் ‘தமிழ்நாடு’ இதழில் அதைக் கண்டித்து எழுதினார். பெரியார் ஊர் ஊராகப் பேசினார். 1925இல் ஒரு சாப்பாட்டுக் கூடத்துச் செய்தி தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப்போட்டது. ஆனால் பழி யார் மேல் விழுந்தது? பந்தி பிரித்தவர்கள் மேல் அல்ல. எழுதியவர்கள்தான் ‘வகுப்புத் துவேஷிகள்’ ஆனார்கள்.

அந்த ஆண்டு மே 2இல் ‘குடிஅரசு’ பிறந்தது. 1933 அக்டோபரில் அதில் வந்த ஒரு தலையங்கத்துக்காக வெள்ளை அரசு எழுதிய பெரியாரை மட்டும் சிறையில் அடைக்கவில்லை. வெளியிட்ட அவர் தங்கை கண்ணம்மாளையும் அடைத்தது. ‘குடிஅரசு’ நின்றது, ‘புரட்சி’ வந்தது. அதுவும் நின்றது, ‘பகுத்தறிவு’ வந்தது.

1936இல் லாகூரின் ஜாத்பட் தோடக் மண்டல், உரையைப் பார்த்து மிரண்டு அம்பேத்கருக்கான மாநாட்டையே கைவிட்டது. அவர் அதைச் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். மேடை மறுக்கப்பட்ட பேச்சு ‘குடிஅரசு’ வழியே தமிழுக்கும் வந்தது.

விடுதலைக்குப் பிறகும் கதை மாறவில்லை. பெரியாரின் இராமாயண ஆய்வை இந்தியில் வெளியிட்ட லலாய் சிங்கின் நூலை உத்தரப் பிரதேச அரசு 1969இல் பறிமுதல் செய்தது. தடைக்கான காரணத்தை ஆணையில் அரசு சொல்லவில்லை என்று 1976இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வெற்றிதான். ஆனால் காரணத்தை ஒழுங்காக எழுதித் தடை செய்யும் அதிகாரம் அப்படியே இருக்கிறது. இன்று அதன் பெயர் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 98ஆம் பிரிவு.

‘பிரிவினரிடையே பகை வளர்த்தல்’ என்ற குற்றச்சாட்டும் இருக்கிறது. தனிக் குவளையும் தனிச் சுடுகாடும் ‘அமைதி’. அவற்றை அம்பலப்படுத்தும் துண்டறிக்கை ‘பகை’. இந்தத் தலைகீழ்க் கணக்கைத்தான் நாம் முதலில் உடைக்க வேண்டும்.

துண்டறிக்கையின் கடைசி வரியில் அச்சகத்தின் பெயர் இருக்கும். எழுதியவரை மடக்கிய பிறகும் அந்த வரியைத் தேடிப் போவார்கள். கண்ணம்மாளுக்கு நேர்ந்தது அதுதான். கருத்துரிமை என்பது பேச்சாளருக்கு மட்டுமான உரிமையன்று. அச்சிட்டவருக்கும், தெருமுனையில் நின்று கொடுக்கும் தோழருக்கும் அது வேண்டும். அவர்கள்மேல் வழக்கு வரும் நாளில் நீதிமன்ற வாசலில் நாம் நிற்கிறோமா என்பதே கேள்வி.