இறுவட்டா, தரவிறக்கமா?

"அலுமாரியில் எழுபது எண்பது பாட்டு இறுவட்டுக்கள் சேர்ந்து கிடக்கின்றன. மகள் அவற்றை எறியச் சொல்கிறாள். எறியலாமா?" என்று ஒரு வாசகத் தோழி கேட்டிருந்தார். "எல்லாம் போனில இருக்குத்தானே அம்மா, இது என்னத்துக்கு?" என்பது மகளின் கேள்வியாம். சின்ன விஷயம்தானே என்று நினைத்து இதை எங்கள் வட்டத்துப் பெண்கள் சிலரிடம் சொன்னேன். அன்று மாலை முழுவதும் அதே பேச்சாகப் போய்விட்டது. இறுவட்டை விடமாட்டேன் என்பவர்கள் ஒரு பக்கம், அது இடத்தை அடைக்கும் குப்பை என்பவர்கள் மறுபக்கம். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது.

எங்கள் வயதுக்காரருக்குப் பாட்டு என்றால் முதலில் வானொலி, பிறகு கசற். பாட்டுக்களைத் தாளில் எழுதிக் கடையில் கொடுத்தால் அறுபது நிமிடக் கசற்றிலோ தொண்ணூறு நிமிடக் கசற்றிலோ பதிந்து தருவார்கள். பக்கம் முடியும் இடத்தில் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து நிற்கும். சில பாட்டுக்களை அந்த இடத்துக்கு அப்பால் இன்றும் எனக்குப் பாடத் தெரியாது. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை என்றிருந்த ஆண்டுகளில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோவும் கசற்றும் கேட்டார்கள். பாட்டுக் கேட்பதற்காக மனிதர் படும் பாட்டை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

இறுவட்டு முதன்முதலாக 1982 ஒக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 12 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரு தட்டு. ஒலியை ஒரு செக்கனுக்கு 44,100 தடவை அளந்து, அந்த அளவுகளை இலக்கங்களாக அதில் பதிக்கிறார்கள். ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 10 மெகாபைட் இடம் வேண்டும். இவ்வளவு பெரிய சுமையை அந்தக் காலத்துத் தொலைபேசிக் கம்பிவழி அனுப்ப முடியாது. அதனால்தான் எம்.பி.3 என்ற சுருக்கும் முறை பிறந்தது. ஒரு பெரிய ஓசையின் பக்கத்தில் இருக்கும் சிற்றோசையை நமது காது கவனிப்பதில்லை. அப்படிக் கவனிக்காதவற்றையெல்லாம் கழித்து, பத்தில் ஒரு பங்காக ஆக்கிவிடுவார்கள்.

இங்கே பெண்கள் அறிந்துகொள்ள ஒரு செய்தி உண்டு. ஜேர்மனியில் இந்த முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க், அதைச் சோதித்துச் சீர்செய்ய எடுத்துக்கொண்டது ஒரு பெண்ணின் குரலை. அமெரிக்கப் பாடகி சுசான் வேகா வாத்தியம் எதுவுமில்லாமல் தனிக்குரலில் பாடிய 'டொம்ஸ் டைனர்' என்ற பாட்டு அது. 1987இல் வெளிவந்தது. மற்ற இசையெல்லாம் ஓரளவு சரியாகச் சுருங்கியபோது, அந்தத் தனிக்குரல் மட்டும் கெட்டுப்போய் ஒலித்ததாம். அது சரியாகும்வரை திரும்பத் திரும்பத் திருத்தினார்கள். 'எம்.பி.3இன் தாய்' என்று அவரை வேடிக்கையாகச் சொல்வதுண்டு. தன் குரலை வைத்து இப்படியொரு வேலை நடந்தது அந்த அம்மாவுக்கே பிற்பாடுதான் தெரியவந்தது!

எதில் ஒலி நன்றாயிருக்கும் என்ற சண்டையில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. நல்ல ஒலிபெருக்கி முன்னே அமைதியாக உட்கார்ந்து வீணையோ வயலினோ கேட்பவருக்கு வித்தியாசம் தெரியலாம். சோறு கொதிக்க, குழாயில் தண்ணீர் ஓட, சின்னப் பெட்டியொன்றில் கேட்பவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. நமக்கு அப்படி உட்கார்ந்து கேட்க எப்போது நேரம் கிடைத்தது?

என் மனதில் தைத்தது வேறு. அந்தப் பாட்டு யாருடைய கையில் இருக்கிறது என்பதுதான் அது. காசு கொடுத்து வாங்கிய இறுவட்டை நான் பக்கத்து வீட்டு மாமிக்கு இரவல் கொடுக்கலாம், தங்கச்சியின் கலியாணத்துக்குப் பரிசாகக் கொடுக்கலாம், வேண்டாமென்றால் விற்கலாம். விற்ற கடைக்காரர் கடையை மூடினாலும் அது என் அலுமாரியில்தான் இருக்கும். தரவிறக்கத்தில் பல வேளைகளில் நாம் வாங்குவது பாட்டையல்ல, கேட்பதற்கான அனுமதியை. மைக்ரோசொவ்ற் நிறுவனம் எம்.எஸ்.என். மியூசிக் என்ற பெயரில் பாட்டு விற்றது. 2008இல், அதில் வாங்கிய பாட்டுக்களுக்குப் புதிய கணனிகளில் இனி அனுமதி தரமாட்டோம் என்று அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்த பிறகு தவணையை 2011 முடிவுவரை நீட்டியது. அவ்வளவுதான். 2019இல் மைஸ்பேஸ் என்ற தளம், கணனிகளை மாற்றும்போது 2016க்கு முன்னர் பாடகர்கள் ஏற்றிவைத்த பாட்டுக்கள் அழிந்துவிட்டதாக ஒப்புக்கொண்டது. கோடிக்கணக்கான பாட்டுக்கள். வேறெங்கும் பிரதி வைக்காத பாடகருக்குத் தன் பாட்டே இல்லாமற் போயிற்று.

இப்போது இறக்கி வைப்பதைக்கூட விட்டுவிட்டு, மாதச் சந்தா கட்டி இணையத்திலிருந்து நேரே கேட்கிறார்கள். ஸ்பொட்டிபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கும் வந்தது. அதில் 'தரவிறக்கம்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அப்படி இறக்கியதையும் முப்பது நாளைக்கு ஒரு தடவையாவது இணையத்தோடு இணைத்துக் காட்டவேண்டும். சந்தா நின்றால் இறக்கியதும் நின்றுவிடும். வாடகை வீட்டில் நட்ட மரம்போல என்று ஒரு தோழி சொன்னார்.

அதோடு, அந்தப் போன் யாருடையது? நம்முடைய பல வீடுகளில் அம்மாவின் கைத்தொலைபேசி மகன் பாவித்துவிட்டுக் கொடுத்தது. கணக்கு மகனுடைய பெயரில், கடவுச்சொல் மகனுக்கோ கணவனுக்கோதான் தெரியும். ரீலோட் போடுவதும் அவர்களே. அவர்கள் போனை மாற்றினால் அம்மாவின் பாட்டு போய்விடும்.

இப்படிச் சொன்னதும் இளம் தோழியொருத்தி என்னை மடக்கினாள். அவள் கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலையில் நான்கு வருடம் வேலை செய்தவள். "அக்கா, போடிங்ல ஒரு அறைக்கு எட்டுப் பேர். எந்தச் சீடியை எங்க போடுறது? அந்தப் போனும் காதில மாட்டுறதும்தான் எனக்கென்று இருந்த ஒரே அறை" என்றாள். உண்மைதான். மண்டபத்தில் வைத்த கசற் பெட்டியில் அப்பா விரும்பிய பாட்டுத்தான் போனது, அவர் எழுந்துபோன பிறகுதான் எங்கள் முறை. ஒரு பெண் தான் விரும்பியதை, யாரும் கேட்காமல், யாரிடமும் கேட்காமல் கேட்கக் கிடைத்தது தரவிறக்கம் வந்த பிறகுதான். இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் போனும் கணக்கும் அவள் உழைத்த காசில், அவள் பெயரில் இருந்தன என்பதையும் கவனியுங்கள்.

பாடியவருக்கு என்ன கிடைக்கிறது என்று நாம் கேட்பதேயில்லை. கடையில் மலிவாக வாங்கிய, நூற்றைம்பது பாட்டு அடங்கிய சீடிகளில் பெரும்பாலானவை பாடியவருக்கு ஒரு சதமும் போகாத திருட்டுப் பிரதிகள். இலவசத் தரவிறக்கமும் அப்படியே. எங்கள் நாட்டில் புலமைச் சொத்துச் சட்டம் 2003ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. இருந்தும் என்ன? கோயில் திருவிழாவிலோ புத்தகக் கண்காட்சியிலோ ஓர் உள்ளூர்ப் பாடகி தன் இறுவட்டைத் தானே மேசையில் அடுக்கி வைத்திருந்தால், அதை வாங்குங்கள். அந்தக் காசு நேரே அவர் கைக்குப் போகிறது.

இறுவட்டும் அழியாத பொருளல்ல. கடையிலும் வீட்டிலும் எழுதும் இறுவட்டில் ஒரு சாயப் படை இருக்கிறது. வெயில் பட்டால் அது மங்கும். பளபளக்கும் பக்கத்தைத்தான் எல்லோரும் பொத்திப் பாதுகாக்கிறோம். ஆனால் பெயர் எழுதும் மேற்பக்கம்தான் மெல்லியது. அங்கே போல்பொயின்ற் பேனையால் அழுத்தி எழுதக்கூடாது, கடதாசி ஒட்டவும் கூடாது. விளிம்பைப் பிடித்து எடுத்து, பெட்டியில் நிமிர்த்தி, வெக்கையும் ஈரமும் இல்லாத இடத்தில் வையுங்கள். இப்போதைய மடிக்கணனிகளில் பெரும்பாலும் இறுவட்டுப் போடும் தட்டு இல்லை. வெளியே செருகும் தட்டுத் தனியாக விற்கிறார்கள், ஊரில் ஒருவரிடம் இருந்தால் போதும். ஓடாத தட்டுக்களைத் தோட்டத்தில் கட்டிக் கிளி விரட்டுபவர்களும் இருக்கிறார்கள். நல்ல யோசனைதான், முதலில் போட்டுப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

வாசகத் தோழிக்கு என் பதில் இதுதான். எங்கும் கிடைக்கும் சினிமாப் பாட்டு இறுவட்டுக்களை மனம் வந்தால் எறியுங்கள். வேறெங்கும் கிடைக்காத குரல் இருக்கும் ஒன்றைக்கூட எறியவேண்டாம்.

கரையோரக் கிராமமொன்றில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய அம்மா தாலாட்டுக்குப் பேர்போனவர். பிள்ளை பிறந்த வீடுகளுக்கெல்லாம் கூப்பிட்டுப் பாடச் சொல்வார்கள். மருமகன் ஒருநாள் அதையெல்லாம் ஒரு கசற்றில் பதிந்து வைத்தார். 2004 டிசம்பர் 26இல் கடல் வீட்டையும் அம்மாவையும் கொண்டுபோனது. கசற் தப்பியது. உள்ளூரில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு இரவல் கொடுத்திருந்தார்கள். பிறகு அதை ஒரு கடையில் இறுவட்டாக்கினார்கள். மகன் தன் போனில் ஏற்றிக்கொண்டு கட்டாருக்குப் போனான். அங்கே போன் தொலைந்தது. இறுவட்டு இங்கே இருந்தது, போட்டுக் கேட்க வீட்டில் ஒன்றும் இல்லை.

சென்ற வருடம் பழைய கணனியொன்றைத் தேடிப் பிடித்துப் போட்டோம். ஒன்பது தாலாட்டில் ஏழு வந்தது. எட்டாவதில் தட்டு சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது. வந்த ஏழையும் ஒரு பென் டிறைவில் ஒன்று, புதிய இறுவட்டில் ஒன்று, கனடாவிலுள்ள தங்கைக்கு மின்னஞ்சலில் ஒன்று என்று மூன்று பிரதி செய்தோம். 'ட்ராக் 1', 'ட்ராக் 2' என்றிருந்ததை மாற்றி, எந்தப் பிள்ளைக்குப் பாடியது என்று அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன்.

மூன்றாவது தாலாட்டின் நடுவில் பாட்டு நின்று, "அந்தக் கோழியக் கலை புள்ள" என்று அம்மா சொல்வது கேட்கிறது. பிறகு விட்ட இடத்திலிருந்து பாடுகிறார். உதவிக்கு வந்த கணனிப் பையன், "இதை வெட்டிவிடட்டா அன்ரி?" என்று கேட்டான். அக்கா வேண்டாம் என்றார்.