உறை பத்து, மூடி இரண்டு

மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவரும் கணவரும் சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மனை வாங்கி, ஆறு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடப் போகிறார்களாம். மேஸ்திரி கொடுத்த எஸ்டிமேட்டையும் கடிதத்தோடு இணைத்திருக்கிறார். "சமையல் மேடைக்கு என்ன கல், ஜன்னலுக்கு என்ன மரம் என்பதெல்லாம் புரிகிறது. கடைசிப் பக்கத்தில் 'உறை 10, மூடி 2, செப்டிக், சோக்பிட்' என்று ஒரு வரி இருக்கிறது. கேட்டால், 'அது கொல்லைப்புற சமாசாரம், உங்களுக்கு எதற்கம்மா?' என்று மேஸ்திரி சிரிக்கிறார். எனக்கு எதற்கு என்று நீங்களாவது சொல்லுங்கள்" என்று கேட்கிறார்.

சொல்கிறேன், அம்மணி. அந்த எஸ்டிமேட்டில் நீங்கள் முதலில் படிக்க வேண்டியதே அந்த வரிதான்.

சுங்குவார்சத்திரம், பெயரே சொல்வதுபோல், சத்திரத்தால் பெயர் பெற்ற ஊர். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிப் பெங்களூர் சாலையில் இருக்கிறது. இன்று அங்கே வந்து தங்குகிறவர்கள் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள். பக்கத்து வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பேர் தங்கும் விடுதி ஒன்றைத் திறந்தார்கள் என்றால், கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்! அதற்கும் மேற்பட்டவர்கள் போர்ஷன் தேடுகிறார்கள். உங்கள் ஆறு போர்ஷனில் நாலு நாலு பேர் இருந்தால் இருபத்துநாலு பேர். அத்தனை பேரும் குளித்து, துவைத்து, பாத்திரம் தேய்த்த தண்ணீர் எங்கே போகும்? தெருவில் பாதாளச் சாக்கடை கிடையாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் மண்ணுக்குள்தான் போகும்.

முதலில் 'உறை'. இது கான்கிரீட் வளையம். வேறிடத்தில் அச்சில் வார்த்து, இறுகிய பிறகு லாரியில் கொண்டுவந்து குழிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குவார்கள். எஞ்சினீயர்கள் இதை 'பிரீகாஸ்ட்' என்பார்கள். முன்வார்ப்பு என்று தமிழில் சொல்லலாம். பெயர் புதிது, யோசனை பழசு. கீழடியில் தோண்டியபோது சுடுமண் உறைகளை அடுக்கிய கிணறுகள் கிடைத்தன அல்லவா? அதே சங்கதிதான். சாலையோரம் அடுக்கி வைத்திருக்கிறார்களே பெரிய ஹியூம் பைப், அதுவும் முன்வார்ப்பே. அச்சைச் சுழற்றிக் குழாய் வார்க்கும் முறையை 1910-ல் கண்டுபிடித்த ஆஸ்திரேலியர் வால்டர் ஹியூமின் பெயர் அது. நம்மில் பாதிப்பேர் அதை ஏதோ 'யூம்' பைப் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

முன்வார்ப்பில் நீங்கள் கேட்க வேண்டியது, எப்போது வார்த்தது என்பதுதான். 'எம் 20' என்று எழுதியிருந்தால், வார்த்த 28-ஆம் நாள் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்கும் கலவை என்று பொருள். அந்தப் பலம் சும்மா வராது. குறைந்தது ஏழு நாளாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். வறண்ட வெயில் காலத்தில் பத்து நாள். இதற்குத்தான் 'கியூரிங்' என்று பெயர். நேற்று வார்த்து இன்று லாரி ஏறிய உறை, பார்வைக்கு உறைதான், பலத்துக்கு அப்பளம்.

இப்போது முக்கியமான கேள்வி. பத்து உறையை அடுக்கினால் அது செப்டிக் டேங்க் ஆகிவிடுமா? ஆகாது. அடித்தளம் போடாமல் உறை இறக்கினால் அது வெறும் குழி. மலமும் நீரும் நேரே மண்ணில் இறங்கும். செப்டிக் டேங்க் என்றால் நீர் கசியாத தொட்டி. அடியும் பக்கமும் பூசியிருக்க வேண்டும், நடுவே தடுப்புச் சுவர் வேண்டும். கனமானது வண்டலாகக் கீழே தங்கும். எண்ணெய்ப் பிசுக்கு ஏடாக மேலே மிதக்கும். இடையிலுள்ள நீர் மட்டும் அடுத்த அறைக்குப் போய், அங்கிருந்து சோக்பிட் எனும் உறிஞ்சு குழியில் இறங்கும். காற்றில்லாமல் வாழும் நுண்கிருமிகள் வண்டலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். வெளியே வரும் நீரும் சுத்தமானது அல்ல. அதனால்தான் உறிஞ்சு குழி, குடிநீர்க் கிணற்றுக்கோ போருக்கோ 18 மீட்டர், அதாவது ஏறக்குறைய 60 அடி தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. ஏரிகள் நிறைந்த வட்டாரம் அது. ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் குழியும் போரும் கைகோத்துக்கொள்ளும். உங்கள் மனையில் போர் எங்கே வருகிறது? எஸ்டிமேட்டில் காணோம்.

அங்குள்ள தொழிற்சாலைகளில் எஸ்.டி.பி., ஈ.டி.பி., பி.ஓ.டி. என்று பேசுவார்கள், பயப்படாதீர்கள். முதலாவது மனிதர் கழிவுக்கான சுத்திகரிப்பு நிலையம், இரண்டாவது ஆலைக் கழிவுக்கானது. மூன்றாவது, அழுக்கைத் தின்னும் கிருமிகளுக்கு எவ்வளவு பிராணவாயு வேண்டும் என்ற கணக்கு. வீட்டுக் கழிவுநீரில் லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் சாதாரணம். கிருமிக்கும் பசி உண்டு என்று கண்டு அதை அளந்தவனைப் பாராட்ட வேண்டும்! 2019-ல் சென்னை ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். அதே ஆண்டு கோயம்பேட்டில் ஒரு நிலையம் தொடங்கிற்று. நகரத்துச் சாக்கடை நீரை நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை 'ஆர்.ஓ.' அளவுக்குச் சுத்தம் செய்து, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குக் குழாயில் அனுப்பும் ஏற்பாடு அது.

கடைசியாக 'மூடி 2'. இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து மனத்தில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

காற்றில்லாத தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு உண்டாகும். அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதுதான். மூடியின் அடிப்பக்க ஈரத்தில் அது படிந்து, கிருமிகளால் கந்தக அமிலமாக மாறி, கான்கிரீட்டையே அரிக்கும். பிறகு உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். கம்பிக்கும் வெளிப்புறத்துக்கும் நடுவே போதிய கனம் விடுவதற்குத்தான் 'கவர் பிளாக்' வைக்கிறார்கள். அதில் மிச்சம் பிடித்தால், ஐந்தாறு வருஷத்தில் குழந்தை ஓடும்போது மூடி உடையலாம்.

கான்கிரீட்டை அரிக்கும் அந்த வாயு மனிதனை விடுமா? கொஞ்சமாக இருக்கும்போது நாறும். அளவு மிஞ்சினால் மூக்கின் உணர்ச்சியையே மரக்க அடித்துவிடும். 'நாற்றம் போய்விட்டது' என்று நம்பி இறங்குகிறவர் இரண்டொரு மூச்சில் விழுவார். அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார், அப்புறம் மூன்றாமவர். 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொட்டியில் மூன்று பேர் இப்படித்தான் போனார்கள். பேப்பரில் படித்து 'ஐயோ பாவம்' என்று பக்கத்தைத் திருப்பியவர்களில் நானும் ஒருத்தி.

தக்க பாதுகாப்புச் சாதனமில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் வருஷச் சட்டம் தடை செய்கிறது. கம்பெனியோ நகராட்சியோ மட்டுமல்ல, வீட்டுக்காரரும் அதற்குள் அடக்கம். முதல் குற்றத்துக்கே இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் தர வேண்டும் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. சட்டம் இருந்தும் ஏன் இறங்குகிறார்கள்? பல வீடுகளில் மூடியின்மேல் டைல்ஸ் ஒட்டி, அதன்மேல் துளசி மாடம் கட்டிவிடுகிறார்கள். சந்தில் லாரி நுழையாது, குழாய் எட்டாது. பத்து வருஷம் அள்ளாமல் விட்ட வண்டல் களிமண்ணாய் இறுகிக் கிடக்கிறது. "நானூறு ரூபாய் கூடக் கொடுங்கம்மா, ஆள் இறங்கிடுவான்" என்கிறார் ஒருவர். கொடுக்கிற கை பெரும்பாலும் நம்முடையது.

ஆகவே சகோதரி, அறைக்கு ஒரு மூடியாக, கண்ணுக்குத் தெரியும் இடத்தில், திறக்கக்கூடியதாக வையுங்கள். காற்றுக் குழாயைக் கூரைக்கு மேல் உயர்த்தச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, வண்டல் இறுகுமுன், 14420 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் லாரிக்கு வழி சொல்வார்கள். மேஸ்திரி மறுபடியும் சிரித்தால் பரவாயில்லை. லாரி எங்கே நிற்கும், அங்கிருந்து மூடிக்கு எத்தனை அடி என்று கேட்டு, பதிலை எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.