அப்பத்தாவுக்கு சுகர் இறங்கிடுச்சு!

ஆபீஸ் நண்பர் ஒருவர், சொந்த ஊர் தங்கச்சிமடம், ஒரு நாள் காலையில் மேஜை மேஜையாக சாக்லேட் வைத்துக்கொண்டே போனார். பெண் அமைந்துவிட்டதா என்று கேட்டால், இல்லையாம். "அப்பத்தாவுக்கு சுகர் இருநூத்திச் சொச்சத்துலேர்ந்து நூறுக்கு வந்துடுச்சு ஸார்!"

மாத்திரை அதே மாத்திரை. சாப்பாடும் அதே சோறு, அதே மீன் குழம்பு. பதினைந்து வருஷத்து சுகர் 70 வயசில் தானாக அடங்கியிருக்கிறது. ராமநாதசுவாமி கருணை என்று நாங்களும் சாக்லேட்டைத் தின்றுவிட்டோம்.

அப்புறம் ஆடி அமாவாசை வந்தது. அப்பத்தா ராமேஸ்வரம் போய் அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்து, கோயிலுக்குள் வரிசையில் நின்றிருக்கிறார். விரதம். ஆனால் மாத்திரைக்கு ஏது விரதம்? அது காலையிலேயே உள்ளே போயாச்சு. திடீரென்று வேர்த்துக் கொட்டி, வாய் குழறி, ஆள் சாய்ந்துவிட்டார். வெயில் மயக்கம் என்று விசிறினார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தால் சுகர் 38!

குளுகோஸ் ஏறியதும் எழுந்து உட்கார்ந்து, "பிரசாதம் எங்கப்பு?" என்றாராம். நண்பர் ஆட்டோ பிடிக்கப் போக, டாக்டர் விடவில்லை. நல்லவேளை. நடுராத்திரியில் மறுபடி 50.

காரணம், கிட்னி. அப்பத்தா சாப்பிட்டது கிளிபென்கிளமைடும் மெட்ஃபார்மினும் கலந்த மாத்திரை. கிளிபென்கிளமைடை கல்லீரல் உடைக்கிறது. உடைந்த துண்டுகளுக்கும் சுகரை இறக்கும் குணம் உண்டு. அவற்றில் பாதியை கிட்னிதான் வெளியேற்ற வேண்டும். பி.காம். பாஷையில் சொன்னால், தினமும் கொள்முதல், டெஸ்பாட்ச் மந்தம், குளோஸிங் ஸ்டாக் ஏறிக்கொண்டே போகிறது. போதாததற்கு, உடம்பிலுள்ள இன்சுலினில் ஒரு பங்கைக் கழிப்பதும் இதே கிட்னிதான். ஆக, சுகர் இறங்கியதற்கு அர்த்தம் கிட்னி இறங்கியது. நாங்கள் சாக்லேட் தின்றது அதற்குத்தான்.

"கிரியாட்டினின் 1.4தானே டாக்டர், கொஞ்சம்தானே ஜாஸ்தி?" என்றிருக்கிறார் நண்பர். அங்கேதான் விஷயம். 25 வயசுப் பையனுக்கு 1.4 என்றால் ஈ.ஜி.எஃப்.ஆர். என்கிற வடிகட்டும் கணக்கு சுமார் 70 வரும். 70 வயசு அம்மாளுக்கு அதே 1.4 என்றால் சுமார் 40தான்! அதனால்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016-ல், மெட்ஃபார்மினுக்கு வெறும் கிரியாட்டினினைப் பார்க்காதே, இந்தக் கணக்கைப் பார் என்றது. 30-க்குக் கீழே கூடவே கூடாது. 30 முதல் 45 வரை புதிதாக ஆரம்பிப்பது சரியில்லை. ஏற்கெனவே சாப்பிடுகிறவருக்கு டாக்டர் யோசித்துத் தொடர்வார், பெரும்பாலும் குறைத்து.

மெட்ஃபார்மின் உடையாமல் முழுசாக கிட்னி வழியே போகிற சரக்கு. அதன் அண்ணன் ஃபென்ஃபார்மின் ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தைச் சேர்த்து ஆளையே முடித்ததால் அமெரிக்காவில் 1970-களிலும் இங்கே 2003-லும் ஒழித்துக்கட்டப்பட்டது. தம்பி எவ்வளவோ சாது. ஆனாலும் வாந்திபேதி வந்து உடம்பு வறண்ட நாளில் அவரை நிறுத்துவதா என்று டாக்டரிடம் அன்றைக்கே கேட்டுவிட வேண்டும்.

சொந்தக்காரர்கள் கூடி, "மாத்திரைதான் கிட்னியைத் தின்னுடுச்சு, எல்லாத்தையும் நிறுத்து" என்றார்களாம். தப்பு. தின்றது பதினைந்து வருஷத்து சுகர். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்ட மாத்திரைகளும் கூட இருந்து உதவியிருக்கலாம்.

டாக்டர் மாத்திரையை மாற்றிவிட்டார். இப்போது சுகர் 160. அப்பத்தாவுக்கு ரொம்ப வருத்தம். "பழையபடி ஏறிடுச்சேப்பு" என்று புலம்பல். டாக்டர் முகத்தில் மட்டும் திருப்தி. நண்பர் இந்தத் தடவை சாக்லேட் வாங்கவில்லை.